பரிமளா அடை வைத்த பதிமூன்று முட்டை

மலைமேல் திண்ணனூர் நாட்டில் யார் வீட்டில் கோழி அடை வைத்தாலும் பரிமளா அந்தப் பக்கம் போகக் கூடாது. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. அவள் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதுமில்லை. கூடையில் வைக்கோலைப் பரப்பி, இடி தாக்காமலிருக்க ஓர் இரும்புத் துண்டைச் செருகி, முட்டையை ஒற்றைப்படையில் எண்ணி வைக்கிற நேரத்தில் அவள் வாசலில் தட்டுப்பட்டால், வீட்டுக்காரி சட்டென்று கூடையின் மேல் முந்தானையை இழுத்துப் போடுவாள். பிறகு, மரவள்ளிக்குக் களை எடுத்தாச்சா என்று சிரித்தபடி விசாரிப்பாள். அவ்வளவுதான். அவள் கண் பட்ட முட்டை கூமுட்டையாகிவிடும் என்பது பதினொரு வருஷமாக அந்த ஊருக்குத் தெரிந்த விஷயம். புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த மருமகள்களுக்குத் தண்ணீர் பிடிக்கும் இடத்தைக் காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் முட்டையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட அந்த மலையில் வேறு யாருக்கும் தெரியாது. வினையே அதில்தான் வந்தது.

பன்னிரண்டாவது முடித்ததும் அவளுக்கு மலையடிவாரத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். கண்ணாடிக் குடுவை கழுவுவது, தரை துடைப்பது, மீதி நேரத்தில் யமுனா மேடம் சொன்னதைச் செய்வது. யமுனா மேடம் கோழிக் கருவை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு சொட்டாக இருக்கிற கருவுக்குத் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம், முதுகு எது, வயிறு எது, இடது எது, வலது எது என்று யார் சொல்லித் தருகிறார்கள்? இதுதான் அவருடைய கேள்வி. இதற்காக உலகம் முழுக்கப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டபோது பரிமளாவுக்குச் சிரிப்பு வந்தது. தலை இருக்கிற பக்கம் தலை இருக்கும், இதில் என்ன கேள்வி என்று நினைத்தாள்.

இரண்டாவது வாரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. சேவல் சேர்ந்த முட்டைகள் தட்டுத் தட்டாக வரும். அவற்றைப் படுக்க வைத்து, மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி போட வேண்டும். கரு மிதந்து அந்தப் புள்ளிக்கு நேரே வந்து நிற்கும். ஓரத்தில் ஊசியைக் குத்திக் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்தால் கரு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். அப்புறம் புள்ளி போட்ட இடத்தில் டேப் ஒட்டி, வளைந்த கத்தரிக்கோலால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஜன்னல் வெட்ட வேண்டும். ஆராய்ச்சி மாணவர்கள் பத்து முட்டை வெட்டினால் நாலு செத்துப்போகும். பரிமளா வெட்டினால் ஓட்டுத் தூள்கூட உள்ளே விழாது. மிளகுக் கொடியில் மரத்துக்கு மரம் ஏறிப் பழகிய கை, எங்கே அழுத்த வேண்டும் எங்கே விட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. மேடம் மாணவர்களைக் கூப்பிட்டு அவள் கையைப் பார்க்கச் சொன்னார்.

ஜன்னலுக்குள் பார்த்தால் மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளை வட்டம் தெரியும். முதல் நாள் முடிவதற்குள் அந்த வட்டத்தில் ஒரு கோடு விழும். கோட்டின் நுனியில் ஒரு சின்ன முடிச்சு. சேதி கிளம்புவது அங்கிருந்துதான். ஒரு செல் பக்கத்துச் செல்லுக்குச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும். மலையில் ஒரு சாவு விழுந்தால் ஊருக்கு ஊர் ஆள் விட்டுச் சொல்வது மாதிரிதான். சேதி பலமாகக் கேட்ட செல்கள் ஒன்றாகும், லேசாகக் கேட்டவை வேறொன்றாகும். முடிச்சுக்கு இடப்பக்கம் மட்டும் ஒரு சேதி போகும், இது இடது என்று. அந்தச் சேதியைக் கேட்ட பக்கமும் கேட்காத பக்கமும் வேறு வேறாகும். அதற்கப்புறம்தான் எந்தப் பக்கம் வளைவது என்று இதயத்துக்குத் தெரியும். சேதிக்கெல்லாம் பெயர் உண்டு. ஒன்றுக்கு முள்ளெலி என்று பெயர். பெயர் வைத்தவனுக்கு வேறு வேலை இல்லையா என்று பரிமளா கேட்டாள். ஈயில் அந்தச் சேதி கெட்டுப்போனால் புழு உடம்பெல்லாம் முள்ளாகப் பிறக்கும், அதனால் வந்த பெயர் என்று மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மேடம் அந்தச் சேதியைச் சுமக்கிற ரசாயனத்தில், கடுகில் கால்வாசிகூட இல்லாத ஒரு மணியை ஊறவைத்து, முடிச்சுக்கு வலப்பக்கம் வைப்பார். பொய்ச் சேதி. இரண்டு பக்கமும் இடது என்று கேட்டால் கரு குழம்பிப்போகும். ஒருநாள் விட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தால் சில முட்டையில் இதயக் குழாய் சரியாக வளைந்திருக்கும், சிலதில் மாற்றி வளைந்திருக்கும். எண்ணி எழுதி முடித்ததும் எல்லாம் குளிர்பெட்டிக்குப் போகும். அதைக் கொண்டுபோய் வைப்பதும் பரிமளாதான். துடித்துக்கொண்டிருக்கிற சிவப்புப் புள்ளியைப் பெட்டிக்குள் வைத்து மூட முதல் மாதம் அவளால் முடியவில்லை. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதை ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் அவளுடைய அத்தை பாப்பாயி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாப்பாயி அவள் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அந்த அத்தையின் மகன் வேல்முருகனுக்குத்தான் பரிமளா என்பது அவள் பிறந்த அன்றே முடிவான சங்கதி. உரிமைப் பெண்ணை வெளியே கொடுத்தால் அத்தைக்காரி கல்யாணப் பந்தலில் வந்து மண்ணை வாரித் தூற்றலாம், யாரும் கேட்க முடியாது. பாப்பாயியின் தாய் தகப்பனும் அப்படி உரிமையில் கட்டியவர்கள்தான். வேல்முருகன் அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பையன், தவமிருந்து பெற்றவன். அவன் மலைக்குக் கீழே பேளுக்குறிச்சிப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் கல்யாணத்துக்குப் பிறகும் பரிமளா கல்லூரி வேலையை விடவில்லை. மூன்றாம் மாதம் வாந்தி தாங்காமல்தான் நின்றாள்.

பையன் நீலமாகப் பிறந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் வலப்பக்கம், அதுவும் அரைகுறையாக. இரைப்பை இடம் மாறியிருந்தது. மண்ணீரல் இல்லவே இல்லை. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியபோது வேல்முருகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பரிமளாவுக்கு முதல் கோட்டிலேயே விளங்கிவிட்டது. ஜன்னல் வழியாக எத்தனையோ முட்டையில் அவள் பார்த்த வளைவு அது. பையன் நாற்பத்தோரு நாள் இருந்தான்.

புதைத்துவிட்டு வந்து எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது பாப்பாயி சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"நீ முட்டைக்குள்ள கையை உட்ட. சாமி உன் வயித்துக்குள்ள கையை உட்டிருச்சு."

ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒரு குழந்தை செத்தால் ஊருக்குக் காரணம் ஒன்று வேண்டும். அந்தக் காரணத்துக்குக் கையும் காலும் இருந்தால் இன்னும் வசதி. பரிமளாவின் அப்பா அண்ணாமலை, அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கூடப்பிறந்த பாசம் என்பார்கள் இதை. தொடைநடுக்கம் என்பதுதான் சரி.

இதில் பெரிய கொடுமை, பரிமளாவுக்கே சந்தேகம் இருந்தது. மணியை ஊறவைத்த தண்ணீர் எத்தனை தடவை விரலில் பட்டிருக்கும்? பெட்டிக்குள் வைத்து மூடியதற்கெல்லாம் கணக்கு எங்காவது இருக்குமோ? முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் பஸ் ஏறிப் போய் யமுனா மேடத்தின் முன்னால் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "என் கைதானுங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்று மேடம் அடித்துச் சொன்னார். விரலில் பட்ட சொட்டு தோல் தாண்டி, ரத்தம் தாண்டி, கர்ப்பப்பைக்குள் போய் அப்படியெல்லாம் செய்யாது. கோழியில் முடிச்சைச் சுற்றியிருக்கிற செல்களே நகர்ந்து இடது வலதைப் பிரிக்கும். மனுஷக் கருவில் அந்த முடிச்சில் ஒரு சின்னக் குழி, குழிக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள். அவை சுழன்று நீரை இடப்பக்கமாகத் தள்ளும், அதை வைத்துத்தான் சேதி இடப்பக்கம் கிளம்பும். மயிர் சுழலாவிட்டால் இடமா வலமா என்பது காசு சுண்டிப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆவதற்குள் முடிந்துபோகிற காரியம், அப்போது தாய்க்குக் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. இவ்வளவும் சொல்லிவிட்டு, சொந்தத்தில் கட்டினாயா என்று மேடம் கேட்டார். அத்தை மகன் என்றாள். அப்படியானால் இரண்டு பேர் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அவரைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

வேல்முருகன் வரவில்லை. எங்கள் வம்சத்தில் யாருக்கு என்ன குறை, என் ஆத்தாளைப் பார், மூட்டை சுமந்து மலை ஏறுகிறாள் என்றான். அந்த வருஷமே யமுனா மேடம் வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போய்விட்டார். அவர் சொன்ன "இல்லை" பரிமளாவின் காதில் மட்டும் தங்கியது. ஊரிடம் காட்ட அவளிடம் ஒரு காகிதம்கூடக் கிடையாது.

அதற்குப் பிறகு வேல்முருகன் அவள் பக்கத்தில் படுக்கவே பயந்தான். நாலு வருஷம் கழித்துப் பேளுக்குறிச்சியில் ராதிகாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருந்துவிட்டான். ராதிகா சொந்தமில்லை, வேற்று வகையறா. ஒரு பெண் குழந்தை, நல்ல குண்டு குழந்தை. ஆக, தப்பு பரிமளாவின் கையில்தான் என்று ஊருக்கு இரண்டாம் சாட்சியும் கிடைத்துவிட்டது. பாப்பாயி மட்டும் மலையைவிட்டு இறங்கவில்லை. மரவள்ளிக்கும் மிளகுக்கும் ஆள் வேண்டும், அவளுக்கு வெந்நீர் வைக்கவும் ஆள் வேண்டும். புருஷன் போன வீட்டில் மாமியாரோடு பரிமளா ஏன் கிடந்தாள் என்று கேட்கலாம். அப்பா செத்த பிறகு போக வேறு வீடு இல்லை, அவ்வளவுதான் காரணம். பாப்பாயிக்குப் பிறந்ததிலிருந்தே சளி, இருமல். விடிந்ததும் அரை மணி நேரம் இருமித் துப்பினால்தான் அவளுக்குப் பேச்சே வரும். அடுப்புப் புகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பதினொரு வருஷம் அந்த இருமலைக் கேட்டுத்தான் பரிமளா எழுந்தாள்.

இந்த வருஷம் சோளக்காட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் நெஞ்சுப் படம் எடுக்கும் வேன் வந்து நின்றது. டிபி சோதனை. இருமுகிறவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று நர்ஸ் வீடு வீடாக வந்து சொன்னாள். பாப்பாயி முரண்டு பிடித்தாள், பரிமளா இழுத்துக்கொண்டு போனாள். படம் எடுத்த ஆள் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, கிழவி முதுகைக் காட்டி நின்றுவிட்டது என்று மறுபடி நிற்க வைத்தான். மறுபடியும் அப்படியே வந்தது. படத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான், ஓரத்திலிருந்த எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. கடைசியில் டாக்டர் இறங்கி வந்து, குழாயைப் பாப்பாயியின் இடது மார்பில் வைத்தார், அப்புறம் வலது மார்பில் வைத்தார். அங்கேயே வைத்திருந்தார்.

"பாட்டி, உங்களுக்கு இதயம் வலது பக்கம் இருக்குதுங்க. ஈரல், இரைப்பை எல்லாமே கண்ணாடியில பாக்குற மாதிரி மாறித்தான் இருக்கும். பொறந்ததுல இருந்தே இப்படித்தான், ஒண்ணும் பயப்பட வேண்டாம்."

டிபி இல்லை என்றும் சொன்னார். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுகிற நுண்மயிர் பிறவியிலேயே வேலை செய்யவில்லை, இருமல் அதனால்தான் வருகிறது, கருவில் இடது வலதைப் பிரிப்பதும் அதே வகை மயிர்தான், பிள்ளைப்பேறு தாமதமாவதும் இதில் உண்டு என்றார். லேப்டாப்பில் வெள்ளையாகத் தெரிந்த அந்த வளைவைப் பரிமளா அடையாளம் கண்டுகொண்டாள். இது பேரப் பிள்ளைக்கு வருமா என்று கேட்டாள். டாக்டர் யார் யாருக்கு என்ன சொந்தம் என்று விசாரித்துவிட்டு, பாட்டியிடமிருந்து பழுதில் ஒரு பங்கு மகனுக்கு நிச்சயம் போயிருக்கும், பாட்டியின் தம்பி வழியாக உனக்கும் ஒரு பங்கு வந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும் என்றார். பாட்டிக்கு எல்லாம் முழுசாக மாறிவிட்டதால் பிழைத்துக்கொண்டார், பாதி மாறிப் பாதி மாறாமல் நின்றால் பிழைப்பது கஷ்டம் என்றார். பரிமளா கேட்டதற்காக அந்தப் படத்தை அவள் போனுக்கு அனுப்பியும் வைத்தார்.

பஸ்ஸைவிட்டு இறங்கி இரண்டு பேரும் ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் நடந்தார்கள். பாப்பாயிக்கு மயிரும் சேதியும் விளங்கியிருக்காது. பழுது யார் பக்கம் என்பது விளங்கியிருந்தது, அதெல்லாம் எந்தக் கிழவிக்கும் விளங்கும். பலாமரத்துக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"கண்ணு, இதை வேலு காதுல போட்றாத. ராதிகா மாசமா இருக்கா. அவங்க ஊட்டுல கேட்டா என் பையனை அறுத்துக்கிட்டுப் போயிருவாங்க."

பதினொரு வருஷத்தில் அத்தை வாயில் அவள் கண்ணு என்று வந்தது அன்றைக்குத்தான். ராதிகா சொந்தமில்லை, அவள் பிள்ளைக்கு இந்தப் பழுது வர அநேகமாக வழியே இல்லை என்று பரிமளாவுக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் கிழவியின் பயம் அந்தக் கல்லிலேயே தீர்ந்திருக்கும். பரிமளா சொல்லவில்லை. கொஞ்சம் பயந்து சாகட்டும் என்று நினைத்தாள். நல்லவளாக இருந்து அவள் கண்டது என்ன?

கத்த வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் யாரிடம் கத்துவது? பையன் மண்ணுக்குள் போய்விட்டான், புருஷன் வேறு வீட்டுக்குப் போய்விட்டான். முடிச்சு, குழி, மயிர் என்று ஊரில் சொன்னால் முட்டைக்காரிக்குப் புத்தியும் பிசகிவிட்டது என்பார்கள். அவளுக்குத் தினமும் கண்ணெதிரே நிற்பது ஒன்றே ஒன்று, கூடையின் மேல் விழுகிற முந்தானை. அது நின்றால் போதும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. அத்தையின் வாயால் கட்டிய பழியை அத்தையின் வாயாலேயே அவிழ்க்க வேண்டும்.

"நான் சொல்லலீங்கத்த. ஆனா ஊர்ப் பொம்பளைங்க முன்னால என் கையால அடை வைக்கச் சொல்லுங்க. இவ கையில ஒரு பாவமும் இல்லைன்னு உங்க வாயால சொல்லுங்க. அது போதும்."

பாப்பாயி தலையை ஆட்டினாள். அன்றைக்கு எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

பத்து நாள் கழித்து அடுத்த வீட்டுக் கண்ணாயியின் கோழி அடைக்கு உட்கார்ந்தது. பாப்பாயி சொன்ன வாக்குப்படி பரிமளாவைக் கூட்டிக்கொண்டு போனாள். நாலைந்து பெண்கள் இருந்தார்கள். கண்ணாயியின் கை வழக்கம்போல் முந்தானைக்குப் போயிற்று. பாப்பாயி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பரிமளா அத்தையின் வாயையே பார்த்தாள்.

"வைக்கட்டும் உடு, கண்ணாயி. எத்தன நாளைக்குத்தான் மனசுல வெச்சுக்கிட்டே இருக்கறது. சின்னப் புள்ள, தெரியாம செஞ்சுருச்சு."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பரிமளா முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதுவா பேசிய பேச்சு என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பதினொரு வருஷம் கழித்து ஒரு சூடான முட்டை உள்ளங்கையில் இருந்தது, அதை விட்டுவிட மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, கூர்முனை உள்பக்கம் வரும்படி பதிமூன்றையும் அடுக்கினாள்.

இருபத்தோராம் நாள் பதிமூன்றும் பொரித்தன. ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை. கண்ணாயிக்கு வாயெல்லாம் பல். ஊரில் யாருக்கும் பதிமூன்றுக்குப் பதிமூன்று பொரித்ததில்லை. ஒரு குஞ்சைக் கொண்டுவந்து பரிமளாவின் மடியில் விட்டாள். மஞ்சளாக, ஈரம் காயாமல், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இப்போது சொல்வாள், நல்ல கை உனக்கு என்று சொல்வாள் என்று பரிமளா காத்திருந்தாள்.

"பாத்தியா பரிமளா, உன் அத்த வாயாற மன்னிச்சதும் சாமியும் மன்னிச்சிருச்சு. அந்த மனசு யாருக்கு வரும்? தன் பேரனைத் தின்னவளைக்கூட மன்னிச்சுட்டாளே."

பரிமளா குஞ்சைக் கீழே விட்டாள். கொடுத்த வாக்கு இத்தோடு சரி என்று போனை எடுத்து, அந்தப் படத்தைத் திறந்து கண்ணாயியிடம் காட்டினாள். இது என் அத்தையின் நெஞ்சு, பழுது அவர்கள் ரத்தத்தில், என் கையில் ஒன்றுமில்லை என்று சொன்னாள். ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். கண்ணாயி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரே புகையாக இருக்கிறதே என்றாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள், முகம் மாறியிருந்தது.

"மன்னிச்ச மனுசியைப் போயி குத்தம் சொல்றியே புள்ள. இது அடுக்குமா?"

அடுத்த வீட்டிலிருந்து பாப்பாயியின் இருமல் கேட்டது. கண்ணாயி குஞ்சுகளைக் கூட்டிச் சேர்த்து, கூடையை உள்பக்கம் தள்ளி வைத்தாள். பரிமளா போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். அத்தைக்கு வெந்நீர் வைக்கிற நேரம் தாண்டிப்போயிருந்தது.